மினாரும் மரத்தடிக் கல்லும்: கூடலூரின் சமயக் காட்சிகள்

சிறுபான்மையினரின் சமயம் ஊருக்குள் அதிகமாகக் கண்ணில் படுகிறது என்ற குறை எழும்போதெல்லாம் மக்கள்தொகைக் கணக்கே விடையாக வைக்கப்படுகிறது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் அந்த விடை செல்லாது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் ஏறக்குறைய சம அளவினர். இரு தரப்பும் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கள். ஆனாலும் 'கேரளாவுக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது' என்று வெளியூர்க்காரரைச் சொல்லவைப்பது பெரும்பாலும் பள்ளிவாசல்தான்.

காரணத்தைக் கட்டட வரலாற்றில் தேட வேண்டும். மலபாரின் பழைய பள்ளிவாசல்களுக்கு மினார் கிடையாது. ஓட்டுக் கூரையும் மர வேலைப்பாடுமாக அவை அக்கம்பக்கத்துக் கோயில்களின் சாயலிலேயே நின்றன. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளி இன்றும் அதற்குச் சான்று. 1970களுக்குப் பின் வளைகுடாப் பணம் வந்தது. கூடவே கான்கிரீட்டும் குவிமாடமும் வந்தன. சிரியன் கிறித்தவர்களின் பெருநாள் ஊர்வலமோ செண்டையும் முத்துக்குடையுமாகக் கோயில் திருவிழாவின் மொழியிலேயே பேசுகிறது, ஆகவே உறுத்துவதில்லை. கட்டடத்தின் புதுமையை மனிதர்களின் புதுமையாகக் கண் வாசித்துவிடுகிறது என்பதே என் வாதம். 1877 வரை இப்பகுதி மலபாரின் வயநாட்டைச் சேர்ந்தது. மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார் இங்கே எல்லை தாண்டி வந்தவர்கள் என்பதைவிட, எல்லைதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது என்பது பொருத்தம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் தேயிலைத் தோட்டங்களில் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் வயதில் இளையவை. அவற்றை யாரும் புதுவரவாகக் கருதுவதில்லை.

எல்லா முறையீடும் வெறுப்பிலிருந்து பிறப்பதில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் மெய்யான தொல்லை. சென்னைத் தேவாலயம் ஒன்றைப் பற்றிய 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எச்சமயமும் கட்டளையிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சத்தத்தை டெசிபலில் அளக்கலாம். காட்சிக்கு அப்படி ஓர் அளவுகோல் ஏது? வழிபாட்டிடம் கட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்ற தமிழ்நாட்டுக் கட்டட விதி, பக்கத்து வீட்டாரின் மனச்சங்கடத்தைக்கூடக் கோப்பாக்கிவிட வழி வைத்திருக்கிறது.

இந்த விவாதத்தில் இப்பகுதிப் பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் பெட்டக்குறும்பரும் இடம்பெறுவதே இல்லை. கணக்கெடுப்பில் பெரும்பாலும் இந்துக்கள் என்ற கட்டத்தில் அடங்கிவிடும் அவர்களது தெய்வங்களுக்கு மரத்தடியும் கல்லும் போதும். அதன்மேல் புகார் வருவதில்லை. அதைச் சகிப்புத்தன்மை என்று எழுதுவது தவறு. அங்கே ஒரு வழிபாட்டிடம் இருப்பதே பிறர் கண்ணில் படவில்லை. தோட்டத்துக்காக அந்த மரம் வெட்டப்பட்டாலும் கடைவீதி அறியாது. இங்கே காணப்படுதல் சுமையன்று, தேவை. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த விதிகள், புனித மரங்களையும் காவுகளையும் நீர்நிலைகளையும் இடுகாடுகளையும் சமூக உரிமைக் கோரிக்கைக்கான சான்றுகளாக ஏற்கின்றன. பள்ளிவாசலுக்கு எதிரான மனுவில் இடம்பெறும் அதே 'கண்ணுக்குத் தெரிகிறது' என்ற வாக்கியத்தை, கிராம சபையில் பணியர் தம் நிலத்துக்கான ஆதாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.