விளக்கை எங்கே வைப்பது?

ஹனுக்கான்னா என்னன்னு கேட்டா, "யூதர்களோட கிறிஸ்துமஸ்"னு சட்டுனு ஒரு பதில் வரும். பெரும்பாலும் டிசம்பர்ல வருதுங்கிறதைத் தவிர ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எட்டு ராத்திரி விளக்கு, எண்ணெயில் பொரிச்ச பலகாரம், பசங்களுக்குப் பம்பரம். பார்க்க ஜாலியான பண்டிகைதான். ஆனா இதோட வரலாற்றைக் கொஞ்சம் நோண்டினா ஒரே கேள்வி காலங்காலமாத் திரும்பத் திரும்ப வருது: விளக்கை ஊர் பார்க்க வாசலில் வைக்கிறதா, வீட்டுக்குள்ளேயே வச்சுக்கிறதா?

முதல்ல ஃபிளாஷ்பேக். சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சத்து மன்னன் நான்காம் அந்தியோகஸ், கி.மு. 167 வாக்கில் யூதர்களின் மதப் பழக்கங்களைத் தடை செய்து, ஜெருசலேம் கோயிலில் வேற்றுத் தெய்வ வழிபாட்டைக் கொண்டுவந்தான். மோதியின் என்ற ஊரைச் சேர்ந்த மத்தத்தியா என்ற பூசாரியும் அவர் பிள்ளைகளும் கிளர்ச்சியில் இறங்கினார்கள். மகன் யூதா மக்கபே கி.மு. 164-ல் கோயிலை மீட்டு, கிஸ்லேவ் மாதம் 25-ம் தேதி மறுபடியும் வழிபாட்டுக்குத் திறந்தார். ஹனுக்கா என்ற சொல்லுக்கே 'அர்ப்பணிப்பு' என்றுதான் பொருள்.

ஒரு நாளைக்குத்தான் எண்ணெய் இருந்தது, அது எட்டு நாள் எரிந்தது என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சுவாரசியம் என்னன்னா, போரைச் சொல்லும் மக்கபேயர் நூல்களில் அந்தக் கதை இல்லை. போர் நேரத்தில் கொண்டாட முடியாமல் போன எட்டு நாள் கூடாரப் பண்டிகையைப் போல இதைக் கொண்டாடினார்கள் என்கிறது இரண்டாம் மக்கபேயர். எண்ணெய்க் கதை வருவது, பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட பாபிலோனிய தால்முத்தில்.

அதே தால்முத்தில் ஒரு செம விவாதமும் இருக்கு. முதல் நாள் எட்டு ஏற்றி தினமும் ஒண்ணு குறைக்கணும் என்றது ஷம்மாய் தரப்பு. ஒண்ணில் ஆரம்பித்து தினமும் ஒண்ணு கூட்டணும் என்றது ஹில்லேல் தரப்பு. லூப் ஏறுமுகமா இறங்குமுகமா என்று நம்ம ஆபீஸ்ல நடக்கிற சண்டை மாதிரியே :-) கடைசியில் ஹில்லேல் ஜெயித்தார். ஏறுமுகம்தான்.

நம்ம கேள்விக்கான விதியும் அங்கேதான் இருக்கு. விளக்கை வீட்டு வாசலுக்கு வெளியே வை. மாடியில் குடியிருந்தால் தெரு பார்த்த ஜன்னலில் வை. ஆபத்துக் காலம் என்றால் உள்ளே மேஜை மேல் வைத்தாலே போதும். அற்புதத்தை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதுதான் விளக்கின் வேலை. ஆனா உயிர் அதைவிட முக்கியம். பக்காவான 'இஃப்-எல்ஸ்'. சிக்கல் என்னன்னா, இது ஆபத்துக் காலமா இல்லையான்னு யார் முடிவு பண்றது?

1931 டிசம்பர், ஜெர்மனியின் கீல் நகரம். ரப்பி அகிவா போஸ்னரின் வீட்டு ஜன்னலில் மெனோரா, அதாவது அந்த விளக்குத் தண்டு. எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி. இரண்டும் ஒரே ஃபிரேமில் வர மாதிரி அவர் மனைவி ரேச்சல் ஒரு படம் எடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த படம் அது. 1933-ல் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது, மெனோராவோடு. 2022-ல் அதே மெனோராவை பெர்லினில் ஜெர்மன் அதிபர் மாளிகையில் ஏற்றினார்கள்.

அமெரிக்காவில் விளக்கு ஜன்னலையும் தாண்டிப் பொதுச் சதுக்கத்துக்கே போனது. 1974-ல் பிலடெல்பியாவின் சுதந்திர மணி அருகே ஒரு சின்ன மெனோரா. அடுத்த வருஷம் சான் பிரான்சிஸ்கோ யூனியன் சதுக்கத்தில் இருபது அடிக்கும் மேல் உயரமான மெனோரா. 1979-ல் அதிபர் கார்ட்டரே விழாவுக்கு வந்தார். குடும்பம் குடும்பமாகக் கூடுகிற இன்றைய ஊர் விழாக்களுக்கு இதுதான் தொடக்கம். அரசாங்க இடத்தில் மதச் சின்னமா என்ற எதிர்ப்பும் கிளம்பியது, சில யூத அமைப்புகளிடமிருந்தே. பிட்ஸ்பர்க்கில் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் வைத்த மெனோரா செல்லும் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என்னை ரொம்ப பாதித்தது மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ் கதை. யூதர்கள் மிகக் குறைவாக இருக்கும் ஊர். 1993 டிசம்பரில், மெனோரா படம் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பையனின் அறை ஜன்னலை உடைத்துக்கொண்டு கல் வந்து விழுந்தது. நல்லவேளை, பையன் அறையில் இல்லை. சின்னத்தை எடுத்துவிடுங்கள் என்று அம்மாவுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. 'மேஜை மேல் வை' என்ற அதே விதி. பிள்ளையிடம் இதை எப்படி விளக்குவது என்று திருப்பிக் கேட்டார் அந்த அம்மா.

பிறகு நடந்ததுதான் விசேஷம். தேவாலயங்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மெனோரா படத்துக்கு வண்ணம் தீட்டி வீட்டு ஜன்னலில் ஒட்டினார்கள். பில்லிங்ஸ் கெசட் பத்திரிகை முழுப் பக்கத்துக்கு மெனோரா அச்சிட்டது. படம் ஒட்டிய சில வீடுகளுக்கும் கல் வந்தது. ஜனங்க பின்வாங்கலை, இன்னும் அதிகமா ஒட்டினாங்க. 6,000 முதல் 10,000 வீடுகள் வரை கணக்கு சொல்கிறார்கள்; பெரும்பாலும் கிறிஸ்தவர் வீடுகள். எல்லா ஜன்னலிலும் மெனோரா இருந்தா எந்த வீட்டுக்குத்தான் குறி வைப்பான்?

இந்த யோசனைக்கு வித்திட்டது, நாஜிகளை எதிர்த்து டென்மார்க் மன்னர் தானே மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்ற கதை. அப்படி நடக்கவே இல்லை என்கிறது வரலாறு. டேனிஷ் மக்கள் 1943-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஸ்வீடனுக்குத் தப்ப வைத்தது மட்டும் நூத்துக்கு நூறு உண்மை. நடக்காத கதை ஒன்று, ஐம்பது வருஷம் கழித்து வேறொரு ஊரில் நடந்த கதையாகிவிட்டது.

இதோடு சுபம் போட ஆசைதான். ஆனா 2025 டிசம்பர் 14, ஹனுக்காவின் முதல் மாலை. சிட்னி போண்டை கடற்கரையில் பிள்ளை குட்டிகளோடு விழாவுக்கு வந்திருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 15 பேர் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிக்காரர்களில் ஒருவனைப் பாய்ந்து பிடித்து ஆயுதத்தைப் பிடுங்கியவர், சிரியாவிலிருந்து குடியேறிய அகமது அல் அகமது.

விளக்கை வாசலில் வைப்பதா, உள்ளே வைப்பதா என்பது ஏற்றுகிறவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகத்தான் எனக்கும் முதலில் பட்டது. பில்லிங்ஸைப் படித்த பிறகு அப்படித் தோணலை. அது எதிர்வீட்டுக்காரனுக்கான கேள்வி. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?