மைலேஜ் கேட்ட காலங்கள்

பட்டான்செருவில், மும்பை நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்டில் பழைய கார்களைப் பழுது பார்க்கிறேன். "மைலேஜ் கொடுக்கவில்லை" என்று வரும் ஒவ்வொரு வண்டியிலும் இந்தத் தொழிலின் வரலாறு தெரிகிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை எகிறியது. அன்று சாலையில் அம்பாசடரும் ஃபியட்டும்; 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். அந்தக் காலத்து மேஸ்திரிகள் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார்கள். முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு என்றால் சரி. அடுத்து சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம், பாயின்ட் இடைவெளி. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றி, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அதே காலம் ஒரு கெட்ட பழக்கத்தையும் விட்டுச்சென்றது: இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. 2000-இல் நாடு முழுக்க மாசு விதிகள் இறுகின. பெட்ரோல் கார்களில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் பரவியது; அந்த வண்டிகளில் இந்தப் பழக்கம் மைலேஜையே கெடுக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சீக்கிரம் சூடேறாது. இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். ஸ்கேனரில் கோளாறு எதுவும் வராத வண்டியிலும் கூலன்ட் வெப்பத்தை நான் பார்ப்பது அதற்காகத்தான்.

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடும் பழைய முறை இன்றும் நம்பகமானது. அந்தக் கணக்கு கையில் வராமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.