மூன்று மாதச் சர்க்கரை பிறந்த கதை

1960களின் பிற்பகுதி. டெஹ்ரான் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர், ஹீமோகுளோபினில் பிறவியிலேயே வரும் மாறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். என்ன நோய்க்காக வந்தவராக இருந்தாலும் சரி, கொஞ்சம் ரத்தம் வாங்குவார். அதிலிருந்து ஹீமோகுளோபினைப் பிரித்து, கூழாக உறைந்த அகார்ப் பூச்சின்மேல் வைத்து மின்சாரம் செலுத்துவார். தன் மின்னேற்றத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் ஒவ்வொரு தூரம் நகர்ந்து பட்டையாக நிற்கும். இப்படிச் சுமார் 1,200 பேரைப் பார்த்ததில், தெரிந்த வகை எதிலும் சேராத ஒரு பட்டை இரண்டே பேரிடம் தென்பட்டது. யாரென்று பார்த்தால், இருவருமே சர்க்கரை நோயாளிகள்.

தற்செயல் என்று விட்டிருக்கலாம். 1,200 பேரில் இரண்டு பேர் என்பது எந்த மூலைக்கு? ரஹ்பர் விடவில்லை. சர்க்கரை நோயாளிகளாகவே பார்த்து 47 பேரின் ரத்தத்தைச் சோதித்தார். அத்தனை பேரிடமும் அந்தப் பட்டை இருந்தது. 1968இல் அதைச் சிறு கட்டுரையாக வெளியிட்டார். இன்று நம் ஊர் லேப்களில் ‘மூணு மாசச் சுகர்’, ‘ஆவரேஜ் சுகர்’ என்றெல்லாம் கேட்டு வாங்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையின் தொடக்கம் இதுதான். சர்க்கரையைத் தேடாத ஒருவர் கையில் அது கிடைத்தது. இந்தப் பிறப்பை மனதில் வைத்துக்கொண்டால், அந்தப் பரிசோதனை எங்கே உண்மை சொல்லும், எங்கே தடுமாறும் என்பதும் புரியும்.

ரஹ்பர் காலத்தில் ஹீமோகுளோபின் மாறுபாடுகளைத் தேடுவது உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. அரிவாள் செல் நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள மாற்றமே என்று 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் காட்டியிருந்தார்கள். ஒரு மூலக்கூறில் நேரும் பிசகே நோயாகலாம் என்பது அதுவரை யாரும் அப்படி நிரூபிக்காத உண்மை. அதன்பிறகு ஆராய்ச்சியாளர்கள் கண்டம் கண்டமாக ரத்தம் சேகரித்தார்கள். அந்தத் தேடல் நம் நீலகிரிக்கும் வந்தது. அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் பதிவு செய்தார்கள்.

ரஹ்பர் கண்ட பொருளை அவருக்கு முன்பே வேறு சிலர் பார்த்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1958இல் ஆலன், ஷ்ரோடர், பாலாக் ஆகிய மூவர், பெரியவர்களின் ஹீமோகுளோபினை ரசாயனத் தூண் வழியாக வடித்துப் பிரித்தபோது, பிரதான ஹீமோகுளோபினுக்கு முன்னால் சில சிறு பகுதிகள் இறங்கின. ஏ1ஏ, ஏ1பி, ஏ1சி என்ற பெயர்கள் அந்த வரிசையிலிருந்து வந்தவை. 1962இல் ஹூயிஸ்மன், டோஸி என்ற இருவர் சில சர்க்கரை நோயாளிகளிடம் இந்தச் சிறு பகுதி கூடியிருப்பதையும் கண்டார்கள். ஆனால் அந்த நோயாளிகள் சர்க்கரைக்கான டால்பியூட்டமைட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், அதை மாத்திரையோடு தொடர்புபடுத்திவிட்டார்கள். கண்ணெதிரே இருந்தும் நழுவிப்போனது. நோய்க்கும் அந்தப் பட்டைக்கும் முடிச்சுப் போட்ட பெருமை ரஹ்பருக்கே உரியது.

அன்று சர்க்கரை நோயாளியின் நிலைமை என்ன? நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு நினைவிருக்கும். கண்ணாடிக் குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசலை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிடுவார்கள். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் வீடே கவலைப்படும். இதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் குழாய் நீலமாகவே நிற்கும். ரத்தத்தையே எடுத்துப் பார்த்தாலும் அந்த ஒரு நொடியின் கணக்குத்தான் கிடைக்கும். டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டினால் எண் இறங்கிவிடும். மீதி எண்பத்தெட்டு நாள் உடம்பு என்ன பட்டது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

ரஹ்பர் 1968இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஹீமோகுளோபின் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஹெலன் ரான்னி இருந்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்ததில், டெஹ்ரானில் கண்ட புதிய பட்டையும் 1958இல் பெயரிடப்பட்ட ஏ1சியும் ஒன்றே என்று தெரிந்தது. ஆக, அது பிறவி மாறுபாடு ஆகாது. நோயில்லாதவரிடமும் கொஞ்சம் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கிறது. அப்படியானால் அதை உண்டாக்குவது எது?

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி தொடங்கும் இடத்தில் உள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு எந்த நொதியும் வேண்டாம். சர்க்கரையும் புரதமும் ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தால் தானாகவே நடக்கும். திரட்டுப்பால் கிண்டும்போது வெள்ளைப் பால் பழுப்பேறுவதும் இதே வகை வினைதான். அடுப்பில் ஒரு மணி நேரத்தில் நடப்பது, உடம்பின் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது. ஒட்டி உறுதியாகிவிட்ட சர்க்கரை எளிதில் கழலாது. அந்தச் சிவப்பணு சாகும்வரை கூடவே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று மாதம் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது.

ஃபிராங்க்ளின் பன் என்ற அமெரிக்க ரத்தவியலாளரின் குழு 1976இல் இதைக் கண்கூடாகக் காட்டியது. புதிதாக உருவாகும் சிவப்பணுக்களில் சேரும்படி கதிரியக்க இரும்பைச் செலுத்திப் பின்தொடர்ந்தார்கள். சாதாரண ஹீமோகுளோபினில் அது சட்டென்று தோன்றியது. ஏ1சியிலோ நாளுக்கு நாள் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. சிவப்பணு பிறக்கும்போது ஏ1சி உருவாவதில்லை, வாழும் நாளெல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது என்பது உறுதியானது.

அதே ஆண்டில், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் கோனிக், ஆண்டனி செராமி ஆகியோரின் குழு செய்த வேலை எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. எடுத்துக்கொண்டது ஐந்தே நோயாளிகளை. ஆஸ்பத்திரியில் வைத்து அவர்களுடைய சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 343இலிருந்து 84க்கு இறங்கியது. ஏ1சியும் 9.8 சதவீதத்திலிருந்து 5.8க்கு வந்தது. ஆனால் உடனே வரவில்லை, வாரக்கணக்கில் தாமதித்து இறங்கியது. பழைய அணுக்கள் போய்ப் புதியவை வர வேண்டுமே! ஒரு சர்க்கரை நோயாளி கடந்த சில மாதங்களை எப்படிக் கழித்தார் என்று அவருடைய ரத்தமே சொல்லும் என்பது அன்று உறுதிப்பட்டது. ஐந்து பேரைக் கவனமாகப் பார்த்ததில் கோடிக்கணக்கானோருக்கு ஒரு கருவி கிடைத்தது.

அப்படியும் அது மருத்துவத்தின் மையத்துக்கு வர இன்னும் பதினேழு ஆண்டுகள் ஆயின. சர்க்கரையை இறக்கினால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்குமா என்பதிலேயே மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1993இல் அதைத் தீர்த்துவைத்தது. ஏ1சியை 7 சதவீதத்துக்கு அருகில் வைத்திருந்தவர்களுக்கு, 9க்கு அருகில் இருந்தவர்களைவிட விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டர்கள் 7, 7 என்று சொல்வது அங்கிருந்து வந்தது. அதன்பின், ஒரு லேபில் 7 என்றால் இன்னொரு லேபிலும் 7ஆக இருக்க வேண்டும் என்பதற்காக அளவீட்டைச் சீர்ப்படுத்தும் திட்டம் 1996இல் அமெரிக்காவில் தொடங்கியது. நோயைக் கண்டுபிடிக்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010இலும், உலக சுகாதார நிறுவனம் 2011இலும் ஏற்றுக்கொண்டன. 6.5, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை எல்லை என்பது அமெரிக்கச் சங்கத்தின் கணக்கு.

ரஹ்பர் 1979 ஈரான் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆராய்ச்சி மையத்தில் வேலையைத் தொடர்ந்தார். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அவருடைய பெயரிலேயே ஒரு விருது ஏற்படுத்தி அவரைக் கௌரவித்தது 2012இல். அதே ஆண்டு அவர் காலமானார். மிகவும் தாமதமாக வந்த மரியாதை அது. உலகமெங்கும் அன்றாடம் எடுக்கும் ஒரு பரிசோதனைக்கு வித்திட்டவரின் பெயர், அதை எடுத்துக்கொள்பவர்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமே.

இனி நம் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுக்கு வருவோம். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தால் பெரும்பாலும் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் நிரப்புவார்கள். ஹெச்பிஏ1சிக்கு ஊதா மூடிக் குழாய். ஹீமோகுளோபின், அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் பார்க்க எடுப்பதும் அதே ஊதா மூடியில்தான். காரணம் எளிது. இந்தப் பரிசோதனை அளப்பது ஹீமோகுளோபினை. அதில் நூற்றுக்கு எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே அந்தச் சதவீதம். ஆகவே வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. மூன்று மாதமும் சம பங்கு பெறுவதில்லை. கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறத்தாழ பாதி.

சராசரி என்பதால் ஒன்றை அது மறைத்தும்விடும். காலையில் 60, சாப்பிட்டபின் 250 என்று ஏறி இறங்குபவருக்கும், நாள் முழுக்க 150 அருகிலேயே நிற்பவருக்கும் ஒரே எண் வரலாம். முதலாமவருக்குத் தாழ்சர்க்கரையில் மயக்கம் வரும் ஆபத்து உண்டு. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கும் பழைய சோதனைகளை டாக்டர்கள் கைவிடாதது இதனால்தான்.

அதைவிட முக்கியமானது ரத்தசோகை. ஹீமோகுளோபினைத் தேடும்போது பிறந்த பரிசோதனை, ஹீமோகுளோபின் கோளாறானால் தானும் தடுமாறும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதிக ரத்தப்போக்கு, சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டது, டயாலிசிஸ் போன்ற நிலைகளில் குறைத்துக் காட்டலாம். அரிவாள் செல் போன்ற பிறவி மாறுபாடுகள் சில அளவீட்டு முறைகளைக் குழப்பிவிடும். கர்ப்ப காலத்தில் இதை நம்பி இருக்க முடியாது. அப்போது 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே சரி. சென்னை மருத்துவர் வி. சேஷையா பல ஆண்டுகள் வலியுறுத்தி நிலைநிறுத்திய முறை அது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இவர்களில் ஒருவர் 6.6 என்ற எண்ணைப் பார்த்துப் பதறிப்போகலாம். ரத்தம் அதிகம் போகும் இன்னொருவர் 5.6 என்று பார்த்து நிம்மதியாக இருந்துவிடலாம். இரண்டுமே தவறாகப் போக வாய்ப்புண்டு. எனவே அடுத்த முறை ஹெச்பிஏ1சிக்கு ரத்தம் கொடுக்கும்போது, ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தசோகை, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவது என எது இருந்தாலும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.