காற்றில் நின்ற கூடாரம், வெயிலில் நைந்த துணி
முதல் உலகப் போரின்போது, கள மருத்துவமனைகளுக்கெனக் கம்பமே இல்லாத கூடாரம் ஒன்றை இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் வகுத்தார். உள்ளறையின் காற்றழுத்தத்தை வெளியினும் சற்றே மிகுவித்துத் துணியை நிமிர்த்தும் அந்த அரிய கருத்து, காப்புரிமை பெற்றும் தாளிலேயே தங்கிவிட்டது. அதற்குச் செயல்வடிவம் தந்தவர், 1948இல் அமெரிக்காவின் கார்னெல் வானூர்தி ஆய்வகத்தில் ரேடாரைக் காக்கும் காற்றுக் குவிமாடத்தை எழுப்பிய வால்ட்டர் பேர்டு.

ஆயினும் கூடாரத் துணிகளில் பயன்படும் நைலான் போன்ற செயற்கை இழைகளுக்கு வெயிலே பெரும்பகை: அதிலுள்ள புற ஊதாக் கதிர் இழையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுப்பதால், பார்வைக்கு நன்றாகத் தோன்றும் துணியும் இழுத்தவுடன் கிழிகிறது. காற்றடைத்து நிமிர்த்தும் இன்றைய குடும்பக் கூடாரங்களில் அறைக்குள் அல்லாமல் வளைந்த குழாய்களுக்குள் மட்டுமே காற்று அடைக்கப்படுகிறது. கூரைத்துணிக்கோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இடப்பட்டு, அது தேயும்போது மீண்டும் தெளிக்கப்படுகிறது.