பத்துக்கோண வீட்டின் பயணம்

ஏழு கல்லூரி மாணவர்களை ஒரு தீவில் இறக்கிவிட்டு மீன்பிடிப் படகு திரும்பிப் போகிறது. இனி ஒரு வாரம் கழித்துத்தான் வரும். தொலைபேசி கிடையாது. தங்கப்போகும் வீட்டுக்குப் பத்துப் பக்கங்கள்; நடுக்கூடம் பத்துக்கோணம், மேசையும் பத்துக்கோணம், காபிக் கோப்பை கூடப் பத்துக்கோணம். ஒரு காலையில் மேசைமீது ஏழு பிளாஸ்டிக் தகடுகள் கிடக்கின்றன. ஐந்து தகடுகள், முதல் பலி தொடங்கிக் கடைசிப் பலி வரை. ஒன்று துப்பறிவாளருக்கு. இன்னொன்று கொலையாளிக்கு. கூட்டத்தில் யாரோ செய்த குறும்பு என்றே முதலில் நினைக்கிறார்கள்.

யுகிடோ அயாட்சுஜி எழுதிய 'பத்துக்கோண வீட்டுக் கொலைகள்' என்ற ஜப்பானிய நாவலின் தொடக்கம் இது. 1987 செப்டம்பரில் கோடன்ஷா பதிப்பகம் வெளியிட்டது. அப்போது அயாட்சுஜிக்கு 26 வயது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர், அங்குள்ள மர்மக்கதை மன்றத்தின் உறுப்பினர். நாவலில் தீவுக்குப் போகிறவர்களும் அப்படியொரு மன்றத்துப் பிள்ளைகள்தான். ஒருவரையொருவர் எல்லரி, அகதா, கார், போ, லெரூ, வான், ஆர்சி என்று மேல்நாட்டு மர்மக்கதை ஆசிரியர்களின் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அகதா கிறிஸ்டி 1939-இல் பத்துப் பேரைத் தீவில் அடைத்து ஒவ்வொருவராகச் சாகடித்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலைத்தான் அயாட்சுஜி கையில் எடுத்துக்கொண்டார். அந்த நாவலின் கிளைகள் பல நாடுகளுக்குப் போயின, நம் எஸ். பாலசந்தர் இயக்கி 1970-இல் வந்த 'நடு இரவில்' படமும் அதன் தூண்டுதலில் பிறந்ததுதான். ஆனால் அயாட்சுஜி செய்த மாற்றம் பெரியது. கிறிஸ்டி பெரும்பாலும் வாசகரைத் தீவைவிட்டு நகரவிடவில்லை. இவரோ ஒரு அத்தியாயம் தீவு, அடுத்தது கரை என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறார். கரையில் இருக்கும் பழைய உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் வருகிறது: தன் மகளைக் கொன்றது நீங்கள்தான் என்று ஒருவர் குற்றம் சாட்டுகிறார். எழுதியவராகக் கையெழுத்திட்டிருப்பவரோ ஆறு மாதம் முன்பே அதே தீவில், தீப்பிடித்த மாளிகையில் இறந்துபோன கட்டடக் கலைஞர். அடைபட்ட இடத்துக்கு இப்படி ஒரு சாளரம் வைத்ததும் மூச்சு முட்டுவது குறையும் என்றுதான் தோன்றும். மாறாக அது கூடுகிறது. கரையில் துப்புத் துலக்குகிறவர்களுக்குத் தீவில் நடப்பது தெரியாது. நமக்குத் தெரியும், ஆனால் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழியில்லை.

புத்தகம் எளிதாக வெளிவந்துவிடவில்லை. அதன் முதல் வடிவத்தை வேறு தலைப்பில் எடோகவா ராம்போ மர்மக்கதைப் பரிசுக்கு அனுப்பிப் பார்த்தார், பரிசு கிடைக்கவில்லை. அன்றைய ஜப்பானில் காற்று வேறு திசையில் வீசியது. 1950-களின் இறுதியிலிருந்து எழுத்தாளர் செய்ச்சோ மட்சுமோட்டோவின் வழியில் ஊழல், வேலை, வறுமை ஆகியவற்றைப் பேசும் குற்றக்கதைகளே மதிப்புப் பெற்றிருந்தன. மூடிய அறை, தனித்தீவு, விசித்திர மாளிகை எல்லாம் பழங்கதை என்று ஒதுக்கப்பட்டன. 1981-இல் 'டோக்கியோ சோடியாக் கொலைகள்' எழுதிய சோஜி ஷிமாடாவோ புதிர்க்கதையின் பக்கம் உறுதியாக நின்றார். அயாட்சுஜியைக் கைதூக்கி விட்டவரும் அவர்தான். நன்றிக்கடனாக நாவலில் துப்பறிகிறவருக்கு ஷிமாடா என்றே பெயர் வைத்தார் இளையவர்.

வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் கடுமையாகவே தாக்கினார்கள். இதில் மனிதர்கள் இல்லை, புதிரின் காய்கள்தான் இருக்கின்றன என்றார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இருபது வயதில் புத்தகப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் தங்களைக் கதைமாந்தர்களாகவே பாவித்துக்கொண்டு திரிவதும், உண்மையான சாவு எதிரே வரும்போதும் அந்த வேடத்தைக் கழற்றத் தெரியாமல் திணறுவதும் மனித இயல்பு இல்லையா? முதல் பக்கங்களிலேயே எல்லரி படகில் உட்கார்ந்து, மர்மக்கதை என்பது அறிவு விளையாட்டு என்று வாதாடுகிறான். அந்த விளையாட்டே அவனையும் நண்பர்களையும் வளைத்துக்கொள்கிறது. அந்த வயதின் இறுமாப்பையும் பலவீனத்தையும் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த குற்றக்கதைகள் குறைவு. அதோடு, விடைக்கு வேண்டிய துப்புகளை எல்லாம் அயாட்சுஜி நம் கண்ணெதிரே வைத்துவிடுகிறார். வாசகரின் அறிவை மதிக்கிற செயல் அது.

இளைஞர்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். கியோட்டோ மன்றத்திலிருந்தே ரிண்டாரோ நோரிசுகி, டகேமாரு அபிகோ என அடுத்தடுத்து எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 'புதிய ஹொன்காகு' (புதிய மரபுவழிப் புதிர்க்கதை) என்று ஓர் இயக்கமே உருவானது. 1992-இல் தொடங்கிய கிண்டாய்ச்சி என்ற மாங்கா படக்கதையில் பள்ளி மாணவன் ஒருவன் தனித்தீவிலும் பனி சூழ்ந்த விடுதியிலும் கொலைகளைத் துலக்கும்போது, புதிர்க்கதைக்கு இளம் வாசகர் கூட்டம் மீண்டும் திரண்டிருந்தது.

நாவலின் இறுதியில் ஒரே ஒரு வரி வரும். அதுவரை படித்த அத்தனையையும் அது புரட்டிப் போட்டுவிடும். அது என்ன என்று சொல்வது இனிப் படிக்கப்போகிறவருக்குச் செய்யும் துரோகம், ஆகவே சொல்லவில்லை. 2007-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, பக்கத்தைப் புரட்டியதும் அந்த வரி கண்ணில் படும்படி அச்சுப் பக்கங்களை அமைத்தார்கள். ஹோ-லிங் வோங் மொழிபெயர்த்து 2015-இல் ஆங்கிலப் பதிப்பு வெளிவர 28 ஆண்டுகள் ஆயின. முதலில் லாக்டு ரூம் இன்டர்நேஷனல் என்ற சிறு பதிப்பகமும், பிறகு லண்டன் புஷ்கின் பதிப்பகமும் வெளியிட்டன.

படமாக்க மட்டும் வெகுகாலம் யாரும் துணியவில்லை. எழுத்தில் மட்டுமே மறைக்கக்கூடிய ஒன்றைக் கேமராவுக்கு முன் எப்படி மறைப்பது? 2019-இல் ஹிரோ கியோஹாரா நாவலை மாங்காவாக வரையத் தொடங்கினார். 2024-இல் ஜப்பானின் ஹுலு தளத்தில் தொடராகவும் வந்துவிட்டது. இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து புத்தகத்தை முதலில் படியுங்கள்.