திருமணமும் பணிநீக்கமும்: நான்கு தீர்ப்புகளின் வரலாறு

அரசுப் பணியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டை அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் உறுப்பு 1950 முதலே தடுக்கிறது. ஆயினும், மணம் புரிந்த பெண்ணைப் பணியிலிருந்து விலக்கும் விதிகள் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தன. அவற்றுக்கு எதிரான சட்டப் போராட்டம் நேர்கோட்டில் முன்னேறியதன்று.

முதல் வெற்றி ஒரு தொழிற்சங்கத்தினுடையது. மணமானால் வேலை போகும் என்ற விதி பம்பாயின் மருந்து நிறுவனமொன்றில் பெண் தொழிலாளர்க்கு இருந்தது. மணமான பெண்கள் அடிக்கடி விடுப்பு எடுப்பர் என்பது நிர்வாகத்தின் வாதம். கைம்பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் இவ்வாறு வாதிட முடியாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1965இல் அவ்விதியை நீக்கியது.

அரசின் விதிகளோ அப்படியே இருந்தன. இந்திய வெளியுறவுப் பணியின் 1961ஆம் ஆண்டு விதிகளின்படி, பெண் அதிகாரி மணம் புரிய அரசின் எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என அரசு கருதினால், அவரைப் பதவி விலகச் சொல்லலாம். அப்பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் வழக்குத் தொடுத்தார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே அவருக்குப் பதவி உயர்வு அளிக்கப்பட்டது. எனவே 1979இல் மனு தள்ளுபடியாயிற்று. எனினும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

இரண்டே ஆண்டுகளில் சறுக்கல் நேர்ந்தது. நெர்கேஷ் மீர்சா வழக்கில், முதல் கருவுறுதலோடு ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்ணின் வேலை முடியும் என்ற விதியை நீதிமன்றம் நீக்கியது. ஆனால் பணியேற்ற 4 ஆண்டுகளுக்குள் மணம் புரியத் தடை, 35 வயதில் ஓய்வு ஆகியவற்றை ஏற்றது. உடன் பறந்த ஆண் பணியாளர்க்கு ஓய்வு வயது 58. இருவரும் வெவ்வேறு பணிப்பிரிவினர், ஆகவே ஒப்பிட இயலாது என்பதே நீதிமன்றம் கூறிய காரணம்.

கருத்தூன்ற வேண்டிய இடம் இதுதான். பெண்களை மட்டும் கொண்டு ஒரு பிரிவை அமைத்துவிட்டால், ஒப்பிட ஆண் இல்லை. ஒப்பீடு இல்லையேல் பாகுபாடும் இல்லை என்றாகிறது. பாகுபாடே இங்குப் பாகுபாட்டின் காப்பாகிவிடுகிறது.

மணம் புரிந்ததற்காக 1988இல் விடுவிக்கப்பட்ட இராணுவச் செவிலிய அதிகாரி ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஆணையிட்டது. இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள்.

இந்நால்வகை வழக்கினரும் எழுதப்பட்ட பணிவிதியையாவது எதிர்க்க முடிந்தவர்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலே வெளியேற்றப்படும் பெண்ணுக்குச் சுட்டிக்காட்ட ஒரு விதியும் இல்லை. நம் ஆய்வுகள் தீர்ப்புகளைக் கடந்து செல்ல வேண்டிய திசை அதுவே.