கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து இரட்டைத் தடம் வரை

கொஸ்லந்தையிலிருந்து பெரகலைச் சந்திக்கு ஏறி, அங்கிருந்து மேலும் மலைமுகட்டை நோக்கிச் சென்றால் வருவது அப்புத்தளை. சிங்கள மெல்லிசைக்குள் மின்கித்தாரைக் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படும் கிளரன்ஸ் விஜேவர்தன 1943 ஆம் ஆண்டு பிறந்தது அந்த ஊரில்தான். 1960களின் பிற்பகுதியில் அவருடைய ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழு இலங்கை வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் நித்தி கனகரத்தினமும், சற்றுப் பின்னர் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசை பாடினர். ‘சின்ன மாமியே’, ‘சுராங்கனி’ ஆகியவற்றைக் கேளாத தமிழர் இன்று உலகில் குறைவு. இரண்டு கித்தார், ஒரு மேளம், கூச்சமற்ற ஒரு குரல். இசைப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், இளைஞர்கள் கைதட்டினார்கள்.

அமெரிக்காவில் இதற்கு இணையான ஒன்றுக்குக் ‘கராஜ் ரொக்’ என்று பின்னாளில் பெயரிட்டார்கள். வீட்டுக் கார்க் கொட்டகையில் பயிற்சி செய்து, கையிலிருந்த சொற்பப் பணத்தில் ஏதோவோர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிவிட்டு வந்த பையன்களின் இசை. அந்தப் பழைய ஒற்றைத் தடப் பாடல்களை இன்று கணினியால் பிரித்து, இரட்டைத் தடமாக, அதாவது ஸ்டீரியோவாக, மறுபடி கலக்கிறார்கள். தமிழ்ப் பாடல்களுக்கும் அதைச் செய்கிறார்கள். சிலவற்றை நான் கேட்டேன். மகிழ்ச்சியும் சங்கடமும் ஒன்றாகவே வந்தன. அந்தச் சங்கடத்தின் காரணத்தைத் தேடப் போய்த்தான் இக்கட்டுரை.

முதலில், நாங்கள் எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊவாத் தோட்டங்களின் லயன்களில் பெரும்பாலானவற்றுக்கு அக்காலத்தில் மின்சாரம் இல்லை. மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒரு லயத்துக்கு ஒன்றிருந்தாலே பெருமை. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசெம்பர் 16 ஆம் திகதி முறையாகத் தொடங்கிய ஒலிபரப்பு, 1950 செப்டெம்பரில் வர்த்தக சேவையையும் பெற்றது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கென அமைக்கப்பட்ட வலுமிக்க சிற்றலைப் பரப்பி பின்னர் இலங்கையின் கைக்கு வந்தது. 1952 இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையைக் கட்டுப்படுத்தியபோது, இந்தியாவே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1957 ஒக்டோபரில், விவித பாரதியைத் தொடங்கித்தான் டெல்லி அதற்கு மறுமொழி சொன்னது.

சிற்றலையும் மத்திய அலையும் அன்று எங்களுக்குத் தந்தவை ஒற்றைத் தட ஒலியையே. பெட்டியிலிருந்த ஒலிபெருக்கியும் ஒன்று. கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் நான்காக இருந்தாலும் நான்கும் ஒன்றையே அலறின. மலைச்சரிவில் அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பாட்டில் காற்றும் எதிரொலியும் கலந்திருக்கும். இடது, வலது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கேட்டவன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்பதே பொருட்டு.

ஸ்டீரியோ ஒன்றும் புதிதன்று. பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது 1931 டிசெம்பர் 14 ஆம் திகதி. முதற் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ திரைக்கு வந்து ஆறு வாரங்கள் கழித்து! ஆனால், காப்புரிமைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே நெடுந்தூரம். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1950களின் இறுதியில்தான் விற்பனைக்கு வந்தன. அதைக் காணப் புளூம்லைன் உயிரோடில்லை. 1942 இல் விமான ராடார் சோதனை ஒன்றின்போது விமானம் விழுந்து மாண்டார். தமிழ்த் திரைக்கோ, படச்சுருளின் ஓரத்தில் ஓடிய ஒற்றை ஒலிக்கீற்றே பல தசாப்தங்களுக்குப் போதுமானதாயிற்று. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப்படப் பாடல்கள் என்று பலரும் குறிப்பிடுவது 1978 இல் வெளியான ‘பிரியா’வின் பாடல்களை.

ஒற்றைத் தடத்தை வறுமையின் அடையாளமென்று எண்ணிவிடக் கூடாது. பீற்றில்ஸ் குழுவினர் 1967 வரையிலும் ஒற்றைத் தடக் கலவைக்கே நேரம் செலவிட்டனர். ஸ்டீரியோவைப் பொறியியலாளர்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ‘பீச் போய்ஸ்’ குழுவின் பிரையன் வில்சனுக்கு வலக்காது ஏறக்குறையக் கேளாது. 1966 இல் ‘பெற் சவுண்ட்ஸ்’ தொகுதியை அவர் ஒற்றைத் தடத்தில் கலந்தது அவருடைய காதின் தீர்ப்பு. வாத்தியங்களும் குரல்களும் வெவ்வேறு நாடாக்களில் பிழைத்திருந்தமையால், மார்க் லினெற் என்பவர் அவற்றை ஒத்திசைத்து 1990களில் ஸ்டீரியோ வடிவத்தை உருவாக்க முடிந்தது.

அத்தகைய நாடாக்கள் இல்லாதவர்களின் கதை வேறு. 1966 ஒக்டோபரில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘96 டியர்ஸ்’ கராஜ் இசையின் செவ்வியல்களுள் ஒன்று. பாடியவர் தம்மைக் ‘கேள்விக்குறி’ என்றே அழைத்துக்கொண்டார். குழுவினர் மிச்சிகன் மாநிலத்துக்குப் பண்ணைக் கூலிகளாகக் குடிபெயர்ந்த மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டங்களே கண்முன் வந்தன. பாட்டு அவர்களுடையது, பதிவின் உரிமை கை மாறி, அவர்களுக்கு எட்டாத ஒரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. மூலப் பதிவு இறுவட்டில் மீண்டும் கிடைக்க 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில், 1997 இல், தங்கள் பாட்டைத் தாங்களே புதிதாகப் பாடிப் பதிவுசெய்தார்கள்.

மூலநாடா இல்லாத இடத்தில் ஸ்டீரியோ செய்யும் ஆசை பலவித வேடிக்கைகளைச் செய்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கப்பிட்டல் நிறுவனம் கனத்த ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறுபக்கமும் ஒதுக்கி, சிறு தாமதத்தையும் சேர்த்து ஸ்டீரியோவென விற்றது. குளியலறையில் பாடியது போலிருக்கும். இந்தியாவில் பழைய பாடல்களின்மேல் புதிய தாளத்தைக் கொட்டி ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று கசெற்றாக விற்றார்கள். அதைப்பற்றி எழுதாமலிருப்பதே நாகரிகம். 2004 இல் ‘முகல்-ஏ-ஆஸம்’ வண்ணத்தில் மீண்டபோது, நௌஷாத்தின் மேற்பார்வையில், பழைய குரல்களை வைத்துக்கொண்டு வாத்திய இசையைப் புதிதாகப் பதிவுசெய்தனர். 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ அகன்ற திரைக்கும் பல்தட ஒலிக்கும் மாற்றப்பட்டு வந்து, சென்னையில் 100 நாட்களைக் கடந்து ஓடியது.

இன்றைய வழி முற்றிலும் வேறு. கலந்த ஒலியிலிருந்து குரல், மேளம், பாஸ் ஆகியவற்றைக் கணினி தானே கற்றுப் பிரித்தெடுக்கிறது. 2019 நவம்பரில் டீசர் நிறுவனம் ‘ஸ்பிலீற்றர்’ என்ற மென்பொருளை யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2022 இல் பீற்றில்ஸின் ‘ரிவோல்வர்’ தொகுதி இத்தகைய நுட்பத்தால் மறுகலவை பெற்றது. மறு ஆண்டு, ஜோன் லெனன் வீட்டில் பியானோவோடு பாடிப் பதிந்த கசெற் ஒன்றிலிருந்து அவர் குரலைத் தனியே மீட்டு ‘நௌ அண்ட் தென்’ வெளியிடப்பட்டது.

கசெற் என்றதும் என் விடயத்துக்கு வருகிறேன். கொஸ்லந்தைப் பகுதித் தோட்டமொன்றைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் இளைஞர், இப்போது கனடாவில் வாழ்பவர், ஓர் ஒலிக்கோப்பை அனுப்பி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார். 1980களில், அவருடைய பாட்டனார் மாசி மாதக் காமன்கூத்தில் பாடியதை யாரோ சிறிய கசெற் பெட்டியில் பதிந்திருக்கிறார்கள். பெட்டியின் உடலிலேயே பொருத்திய ஒற்றை ஒலிவாங்கி. அதை அவர் மென்பொருளில் இட்டு ஸ்டீரியோவாக்கியிருந்தார். பாட்டனாரின் குரல் நடுவில், தப்பு இடப்பக்கம், கூட்டம் வலப்பக்கம். கேட்க அழகாகவே இருந்தது. மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்த இயந்திரம் கற்றது பெரும்பாலும் மேலைநாட்டுப் பாடல்களை. அதற்குக் குரல் தெரியும், டிரம்ஸ் தெரியும், பாஸ் கித்தார் தெரியும், பியானோ தெரியும். எஞ்சியதையெல்லாம் ‘மற்றவை’ என்றொரு கோப்பில் தள்ளிவிடும். தப்பின் அடியை அது பாதி டிரம்ஸாகவும் பாதி இரைச்சலாகவும் எண்ணிக் கூறுபோட்டிருந்தது. கூத்தின் நடுவே ரதிக்காக அழுத பெண்களின் ஓலத்தைக் குரலென்று ஏற்பதா வேண்டாமா என்று தடுமாறி, நடுவில் அறுத்திருந்தது. ‘மற்றவை’யைத் தனியே அனுப்பச் சொன்னேன். தகரக் கூரையில் மழை, நாய் ஒன்று, யாரோ ஒரு கிழவி ஒரு பெண்பிள்ளையைப் பெயர் சொல்லி அதட்டுவது, பாட்டனார் அடியை மறந்தபோது கூட்டத்திலிருந்து எடுத்துக்கொடுத்த ஒருவருடைய முணுமுணுப்பு. சுத்தமான ஸ்டீரியோ வடிவத்தில் அந்த முணுமுணுப்பு இல்லை. பாட்டை ஊரே சேர்ந்து நினைவில் வைத்திருந்தது என்பதற்கு அந்தப் பதிவிலிருந்த ஒரே சான்று அதுதான்.

மலையகத் தமிழருக்கு ஆவணம் என்பது எளிய சொல்லன்று. 1948 இல் குடியுரிமை பறிபோனவர்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. 150,000 பேரின் கணக்கு பிறகு பார்க்கலாமென்று விடப்பட்டது. நீலகிரிக்குப் போனவர்களும் ஊவாவில் தங்கியவர்களும் ஒரே கொழும்பு வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிராவிட்டால் சொற்களேனும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. குரல்களைத் திரட்ட அப்படியொருவர் வாய்க்கவில்லை.

எனவே அந்த இளைஞருக்கு எழுதினேன்: ஸ்டீரியோ செய்யுங்கள், உறவினருக்கு அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் நாடாவிலிருந்து எடுத்த முதற்பிரதியை, இரைச்சல் நீக்காமல், ஒற்றைத் தடமாகவே, இரண்டு மூன்று இடங்களில் வைத்திருங்கள். மறுகலவையின் தலைப்பில் அது மறுகலவை என்றே குறிப்பிடுங்கள். ‘மற்றவை’யை அழிக்காதீர்கள்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. காணாமற்போனவர்களின் எண்ணிக்கையே நாளுக்கொன்றாய் மாறிக்கொண்டிருந்த நாட்களில், வீடுகளுக்குள் இருந்த புகைப்படங்களையும் நாடாக்களையும் பற்றி யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அந்தச் சரிவுகளில் இன்னமும் மக்கள் வாழ்கிறார்கள். பிஸ்கட் தகரங்களில் கசெற்றுகளும் கிடக்கின்றன. வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு ஒன்று: மலைநாட்டு ஈரத்தில் நாடாவில் வெண்பூஞ்சணம் படரும். அப்படிப் படர்ந்த நாடாவை உடனே போட்டுக் கேட்க முயலாதீர்கள். அது நாடாவையும் கெடுக்கும், பெட்டியின் தலைமுனையையும் கெடுக்கும், அதன்பின் அதே பெட்டியில் இடும் அடுத்த நாடாவுக்கும் தொற்றும். உலர்ந்த இடத்தில் வைத்து, துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.